அமானுஷ்யப் புலனாய்வு காமிக்ஸ்: ஜந்துவை எந்தப் பக்கத்தில் காட்டுவது?

(இது ஓர் உரையாடல். ஒவ்வொரு பதிவுக்கும் மேலே இருப்பது எழுதியவரின் புனைபெயர்.)

நிழல்வேட்டை

திட்டம் இது. நாலு இதழ், இதழுக்கு 22 பக்கம், அமெரிக்க காமிக்ஸ் அளவு, வண்ண அச்சு. நாலு பேர் கொண்ட புலனாய்வுக் குழு. இதழுக்கு ஒரு வழக்கு, ஒரு ஜந்து. நாலுக்கும் அடியில் பெரிய வழக்கு ஒன்று ஓடும்.

முதல் இதழின் களம், மூடிக் கிடக்கும் குடிநீர் சுத்திகரிப்பு நிலையம். உள்ளே இருக்கும் ஜந்துவுக்கு உடல் சூடு கிடையாது. பிடித்த ஆளின் குரலை எடுத்துக்கொள்ளும். அந்தக் குரலிலேயே அடுத்த ஆளைக் கூப்பிடும்.

பக்கப் பிரிப்பு:

1–3 காவலாளி காணாமல் போவது
4–8 குழு அறிமுகம், வழக்கு விளக்கம்
9–13 விசாரணை
14–21 மோதல்
22 அடுத்த இதழுக்குக் கொக்கி

ஜந்துவின் முழு உருவம் 15ஆம் பக்கத்தில், முழுப்பக்க ஸ்ப்ளாஷாக, அதாவது பக்கம் நிறைந்த ஒரே படமாக. எங்கே உதைக்கிறது என்று சொல்லுங்கள்.

---

ஆறுகட்டம்

முதலில் உதைப்பது அந்த 15தான். அச்சு இதழில் 1ஆம் பக்கம் வலதுபுறம் வரும். அப்புறம் 2–3, 4–5 என்று ஜோடியாக விரியும். ஆக ஒற்றைப்படைப் பக்கம் எல்லாமே வலதுபுறம். வாசகர் 14ஐத் திறந்த அந்த நொடியிலேயே எதிரில் இருக்கும் 15 கண்ணில் அடித்துவிடும். ஜந்துவைப் பார்த்துவிட்டுத்தான் 14ஐப் படிக்கத் தொடங்குவார். அந்தப் பக்கத்தில் நீங்கள் ஏற்றிய பதற்றம் மொத்தமும் வீண்.

ஸ்ப்ளாஷை 14க்கோ 16க்கோ மாற்றுங்கள். அதற்கு முந்தைய ஒற்றைப் பக்கத்தின் கடைசிப் பேனல், அதாவது கடைசிப் படக்கட்டம்தான் உண்மையான வேலையைச் செய்யும். அது சின்னதாக, கீழே வலது மூலையில் இருக்கட்டும். ஆளின் முகம் மட்டும், பார்வை பேனலுக்கு வெளியே. "அது என்ன?" மாதிரி வசனம் வேண்டாம். முகமே கேட்டுவிடும்.

22 பக்கத்தில் உங்களுக்குக் கிடைப்பது 11 புரட்டல். பதினொன்றிலும் அதிர்ச்சி வைத்தால் நாலாவதிலேயே வாசகர் பழகிவிடுவார். மூன்று போதும். ஒன்று பொய்யாக இருக்கட்டும்: புரட்டினால் ஒன்றுமே இல்லாத வெற்று நடைபாதை. 22ஆம் பக்கம் இடதுபுறம் விழுவதால் கொக்கிக்கு அது சரியான இடம்.

இதழின் நடுவே விளம்பரப் பக்கம் நுழைந்தால் இந்தக் கணக்கெல்லாம் நகர்ந்துவிடும். அச்சகத்தின் பக்க வரிசையைக் கையில் வைத்துக்கொண்டு ஸ்கிரிப்ட் எழுதுங்கள்.

இன்னொன்று. விளக்கத்துக்கு 5 பக்கம் என்பது இதழில் கால்வாசி. மேசையைச் சுற்றி நாலு பேர் உட்கார்ந்து கோப்பு படிக்கும் காட்சியை எந்த ஓவியராலும் காப்பாற்ற முடியாது. குழு நிலையத்தின் கதவைத் திறக்கும்போதே 4ஆம் பக்கம் தொடங்கட்டும். வழக்குக் கோப்பை ஒரே பேனலாக, காகிதமாகவே காட்டிவிடுங்கள். யார் பூட்டை உடைக்கிறார், யார் வாயு மீட்டரை நீட்டுகிறார், யார் பின்னால் நின்று வாசலையே பார்க்கிறார் என்பதில் அறிமுகம் முடிந்துவிடும். இரண்டு பக்கம், மிஞ்சினால் மூன்று.

---

தடயம்

பக்கக் கணக்குக்கு முன்னாடி ஜந்துவுக்கு ஒரு விதிப்பட்டியல் எழுதுங்க. அதுக்கு என்ன வேணும், எதைச் செய்ய முடியாது, எதை விட்டுட்டுப் போகும், காயம்பட்டா என்ன பண்ணும். இந்த நாலுக்கும் ஒத்தை வரியில பதில் இல்லேன்னா, 14ஆம் பக்கத்துக்கு மேல சண்டை வெறும் சத்தமா இருக்கும். கடைசியில ஜந்துவை வீழ்த்துற விஷயம் அதுக்கு முன்னாடி குறைஞ்சது ரெண்டு தடவை வாசகர் கண்ணுல பட்டிருக்கணும். ஒண்ணு வசனத்துல, இன்னொண்ணு யாரும் வாய்விட்டுச் சொல்லாம படத்தோட பின்னணியில.

"உடல் சூடு கிடையாது"ன்னு எழுதியிருக்கீங்க. சுற்றியிருக்கிற சுவரோட அதே வெப்பநிலையா, இல்ல அதைவிடக் குளிரா? இதை முடிவு பண்ணாம மேல போகாதீங்க. இயக்கத்தைக் கண்டு படம் எடுக்கிற ட்ராப் கேமராவுல இருக்கிறது பிஐஆர் சென்சார். அது பார்க்கிறது வெப்ப வித்தியாசம் நகர்றதை. சுவரோட வெப்பநிலையிலேயே ஒரு உடம்பு நகர்ந்தா சென்சார் கம்முனு இருக்கும். சுவரைவிடக் குளிரா இருந்தா கேமரா கிளிக் ஆயிடும். நீங்க முதல்தை எடுத்துக்கிட்டா நல்ல துப்பு ஒண்ணு கிடைக்குது: ஆறு கேமராவுலயும் ராத்திரி பூரா ஒரு படம்கூட இல்ல, ஆனா காலையில ஒரு கேமரா வேற பக்கம் திரும்பியிருக்கு. இடைவெளி நேரம் வெச்சு எடுக்கிற முறையில போட்டிருந்த ஒரே ஒரு கேமராவுல மட்டும் ஏதோ விழுந்திருக்கு.

வெப்பத்தைப் படமாக்குற தெர்மல் கேமராவை எல்லாரும் தப்பா வரையுறாங்க. அது சுவரை ஊடுருவாது. கண்ணாடியையும் ஊடுருவாது, கண்ணாடி ஜன்னல் வழியா நீட்டினா, நீட்டுறவரோட சூடுதான் மங்கலா திரும்பத் தெரியும். தண்ணிக்குள்ள பார்க்காது, மேல்பரப்போட வெப்பம் மட்டும்தான். உங்க களமோ தண்ணித் தொட்டி! தொட்டிக்குள்ள ஜந்து, மேல நாலு பேர் தெர்மல் கேமராவோட "ஒண்ணும் இல்ல"ன்னு சொல்ற பேனல் சும்மா கிடைக்குது. இன்னும் நல்லது: ஈரமான தடம் ஆவியாகும்போது தரையைவிடக் குளிரும். ஜந்து திரையில தெரியாது, அது நடந்து வந்த ஈரக் காலடி மட்டும் கருப்பா தெரியும்.

ரத்தத்தைக் காட்ட லூமினால் தெளிக்கிற காட்சி வெச்சிருந்தா, அங்கயும் ஒரு வேடிக்கை. லூமினால் ரத்தத்துக்கு மட்டும் ஒளிராது, குளோரின் கலந்த ப்ளீச்சுக்கும் நீலமா ஒளிரும். சுத்திகரிப்பு நிலையத்தோட ரசாயன அறையில தெளிச்சா தரை பூரா மின்னும். ஒளி அரை நிமிஷம் போல நிக்கும், முழு இருட்டு வேணும். குழுவோட புது ஆள் அலறட்டும், மூத்தவர் காரணம் சொல்லட்டும். அந்த அரை நிமிஷ நீல வெளிச்சத்துல அறை மூலையில நிக்கிறது என்னன்னு வாசகர் மட்டும் பார்க்கட்டும்.

குழு உள்ளே போனதும் முதல் வேலை வாயுச் சோதனை. 1921லயே வில்மர்ங்கிற அமெரிக்கக் கண் மருத்துவர், பேய் வீடுன்னு நம்பப்பட்ட ஒரு வீட்டுல நடந்ததுக்கெல்லாம் பழுதான உலையில இருந்து வந்த கார்பன் மோனாக்சைடுதான் காரணம்னு பதிவு பண்ணியிருக்கார். உங்க ஆட்கள் இது தெரிஞ்சவங்களா இருக்கணும். சாதாரண நாலு வாயு மீட்டர் ஆக்சிஜன், எரியும் வாயு, கார்பன் மோனாக்சைடு, ஹைட்ரஜன் சல்ஃபைடு மட்டும்தான் காட்டும். குளோரினுக்குத் தனி சென்சார் வேணும். ஆக்சிஜன் 19.5 சதவீதத்துக்குக் கீழ போனா அலாரம் அடிக்கும். குளோரின் காத்தைவிடக் கனம், பள்ளத்துல தங்கும். இதெல்லாம் ஜோடனை இல்ல. எங்க குனியக்கூடாதுன்னு ஒரு இடம் கிடைச்சாச்சுன்னா சண்டைக்கு அதுவே களம்.

---

மைப்புட்டி

இருட்டுத் தொட்டி, டார்ச் வெளிச்சம், சூடில்லாத ஜந்து. ஓவியருக்கு இது விருந்து. சொதப்புவதற்கும் இதே வாய்ப்புதான் அதிகம், அதனால் கறுப்பைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

பக்கத்துக்கு ஒரு தம்ப்நெயில் (சின்ன மாதிரிப்படம்), 2×3 அங்குலத்துக்கு மேல் வேண்டாம். வெள்ளை, ஒரு சாம்பல், கறுப்பு. மூன்றே நிறம். கோடே போடாமல் பட்டைகளாக நிரப்புங்கள். கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் ஆள் எங்கே, ஜந்து எங்கே, வழி எங்கே என்று தெரியவேண்டும். தெரியாவிட்டால் ஓவியத்தை எவ்வளவு நுணுக்கினாலும் அது பிறகும் தெரியப்போவதில்லை.

பேனலுக்கு ஒரே வெளிச்ச மூலம். டார்ச் என்றால் டார்ச் மட்டும். நாலு பேரிடமும் டார்ச் கொடுத்தால் நாலு திசையில் நிழல் விழும். அப்புறம் கறுப்பு எங்கேயும் திரளாது, பக்கம் முழுக்கச் சாம்பல் கஞ்சிதான். இருவரிடம் மட்டும் கொடுங்கள், அதிலும் ஒன்று 13ஆம் பக்கத்திலேயே தண்ணீரில் விழட்டும்.

கறுப்பு ஆள் கறுப்புப் பின்னணியில் மறைவதுதான் புதியவர்கள் அதிகம் செய்யும் பிழை. அதற்காக ஆளைச் சுற்றி வெள்ளைக் கோடு இழுப்பது பஞ்சாயத்தை இன்னும் வளர்க்கும். வெளிச்சத்தை ஆளின் மேல் போடாமல் அவருக்குப் பின்னால் இருக்கும் சுவரில் விழவிடுங்கள். ஆள் நிழலுருவமாக நிற்பார். உடலின் நிழலும் சுவரின் நிழலும் ஒட்டிப்போகும் இடத்தில் கோட்டையே எடுத்துவிடலாம், கண் தானாக நிரப்பிக்கொள்ளும்.

அளவு: 11×17 அங்குல போர்டில், 10×15 வரைபரப்பில் வேலை செய்தால், 6.625×10.25 அங்குல இதழில் அது சுமார் 66 சதவீதமாகச் சுருங்கும். 0.3 மில்லிமீட்டர் கோடு 0.2 ஆகிவிடும். நிழலுக்காக நெருக்கமாக இழுக்கும் ஹேட்சிங் கோடுகளுக்கு நடுவே அரை மில்லிமீட்டருக்குக் குறைந்த இடைவெளி விட்டால், மட்டக் காகிதத்தில் மை பரவி அடைத்துக்கொள்ளும். செதில், தோல், சளி எல்லாவற்றையும் வெளிச்சம் படும் விளிம்பில் மட்டும் போடுங்கள். நிழலுக்குள் போன பகுதிக்கு வெறும் கறுப்பு போதும்.

ஜந்துவுக்கு மாடல் ஷீட் கட்டாயம். முன், பின், பக்கம், மேலிருந்து, குனிந்த நிலை. பக்கத்திலேயே குழுவில் ஒருவரையும் ஒரு சாதாரணக் கதவையும் வரைந்து வையுங்கள். விரல் எத்தனை, மூட்டு எந்தப் பக்கம் மடியும் என்று எழுதிவிடுங்கள். 14ஆம் பக்கத்தில் நாலு விரல், 19இல் ஐந்து விரல் என்று வந்தால் முதல் கடிதமே அதைப் பற்றித்தான் வரும். எட்டுப் பக்க மோதல், பக்கத்துக்கு 5 பேனல் என்றால் 40 பேனல். நாற்பதிலும் முப்பது தும்பிக்கை வரையவேண்டி வரும் உருவத்தை வடிவமைத்தால் இரண்டாம் இதழ் வெளிவராது.

---

நிழல்வேட்டை

விளக்கத்தை 4–6க்குச் சுருக்கியாயிற்று. ஜந்து, சுவரின் அதே வெப்பநிலை. ஸ்ப்ளாஷ் 16. ஒரு சந்தேகம் மட்டும். 22 பக்கத்தில் 16 வரைக்கும் ஜந்து முகம் காட்டாவிட்டால் அது ரொம்பத் தாமதம் இல்லையா?

---

கூர்நகம்

தாமதம்தான். "கடைசிவரை காட்டாதே" என்பது பேய்வீட்டுக் கதைக்கான அறிவுரை, அதைக் கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றுக்கும் பூசுகிறார்கள். உங்களுடையது வேட்டைக் கதை. வாசகர் காசு கொடுப்பதே அடிதடிக்கும் சேர்த்துத்தான்.

மைக் மிக்னோலாவின் ஹெல்பாய் காமிக்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். 1994இல் வந்த முதல் தொடரே நாலு இதழ்தான், உங்கள் அளவு. அதில் ஜந்துகள் ஒளிந்துகொண்டே இருப்பதில்லை, பட்டவர்த்தனமாக நிற்கும். நாயகனே ஒரு பேய்ப்பிறவி, வலது கை கல். அவன் பிழைப்பானா என்ற பயம் அங்கே வேலைக்கு ஆகாது. தன் முன்னால் நிற்பது தன்னைப் பற்றி என்ன தெரிந்து வைத்திருக்கிறது என்பதுதான் அங்கே உறுத்தல். எதிர்க்கோடியில் டைலன் டாக் இருக்கிறது: 1986 முதல் இத்தாலியில் மாத இதழ், கறுப்பு வெள்ளை, 16×21 செ.மீ., கிட்டத்தட்ட நூறு பக்கம். அங்கே முப்பது பக்கத்தை வெறும் சந்தேகத்திலேயே ஓட்டலாம். 22 பக்கத்துக்காரர் அந்தக் கதியைக் கடன் வாங்கினால் இதழ் தொடங்குவதற்குள் முடிந்துவிடும்.

பாகம் பாகமாகக் காட்டுங்கள். 2ஆம் பக்கத்தில் கை. 8இல் தண்ணீருக்கு மேலே முதுகு. 12இல் முழு உருவம், ஆனால் தூரத்தில், கதவின் உயரத்தோடு ஒப்பிட முடிகிற மாதிரி. 16இல் முகம்.

---

ஆறுகட்டம்

2லும் 12லும் எனக்கு ஒப்புதல். ரெண்டும் இரட்டைப்படை, அதுவே பாதி வேலை. 8இல் முதுகு வேண்டாம். அந்த இடத்தில் குரல் வரட்டும். இந்த ஜந்துவின் தனித்தன்மை முதுகு இல்லையே. தண்ணீரிலிருந்து முதுகு கிளம்புவதை ஆயிரம் தரம் பார்த்தாயிற்று. காணாமல் போன காவலாளி இருட்டிலிருந்து "சார், இந்தப் பக்கம்" என்று கூப்பிடுவதைப் பார்த்ததில்லை.

மோதலுக்கு ஒரு விதி சொல்கிறேன். தொடங்கும் பக்கத்தில் இடத்தின் முழு வரைபடம் மாதிரி ஒரு அகலப் பேனல்: தொட்டி, ஏணி, கதவு, நாலு பேர். அப்புறம் மூன்று பேனலுக்கு ஒரு முறை, ஜந்து எங்கே, வழி எங்கே என்பதைச் சின்னதாகவாவது நினைவூட்ட வேண்டும். ஜந்து இடம், ஆட்கள் வலம் என்று தொடங்கினால் அப்படியே போகட்டும். பக்கம் மாறவேண்டுமென்றால் மாறும் நடையை ஒரு பேனலில் காட்டியே ஆகவேண்டும். இதைத் தவறவிட்டால் யார் யாரைத் துரத்துகிறார் என்றே புரியாது, ஓவியர் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும்.

---

எழுத்துக்குமிழ்

குரலைத் திருடும் ஜந்து என்றால் பாதிக் கதை லெட்டரிங்கில், அதாவது வசனத்தை எழுதி வைக்கும் விதத்தில் இருக்கிறது. அதைப் பற்றி யாரும் பேசவில்லை.

நடுங்கும் எழுத்து, சொட்டும் எழுத்து எல்லாம் வேண்டாம். தமிழில் சுழியும் கொம்பும் நெளிந்தால் ன எது, ண எது என்று தெரியாது. எழுத்துரு மாறாமல் இருக்கட்டும், வசனம் அடங்கும் பலூனை மாற்றுங்கள். கான்கிரீட் தொட்டிக்குள் பேசினால் எதிரொலிக்கும் இல்லையா? அங்கே மனிதர்கள் பேசும் ஒவ்வொரு பலூனுக்குப் பின்னாலும் அதே வாக்கியத்தை வெளிர் சாம்பலில், சற்றுத் தள்ளி, மறுபடி போடுங்கள். காவலாளியின் குரலுக்கு மட்டும் அந்தச் சாம்பல் நிழல் இருக்கக்கூடாது. யாரும் இதை வாய்விட்டுச் சொல்லக்கூடாது. கூர்ந்து பார்ப்பவர் 8ஆம் பக்கத்திலேயே பிடித்துவிடுவார்.

அடுத்த துப்பு நம் மொழியில் சும்மா கிடைக்கிறது. குழுவில் இளையவர் மூத்தவரிடம் முந்தைய பக்கங்களில் எல்லாம் "நீங்க, வாங்க" என்றே பேசிக்கொண்டு வரட்டும். 17இல் இருட்டிலிருந்து இளையவரின் குரல் "நீ இங்க வா" என்று கூப்பிடட்டும். ஜந்து குரலைத்தான் எடுக்கும், மரியாதையை எடுக்காது. மூத்தவர் துப்பாக்கியைத் திருப்பும் பேனலுக்கு வசனமே வேண்டாம்.

அளவுகள். ஆங்கிலத்தில் பேனலுக்கு 35 சொல், பக்கத்துக்கு 210 சொல் என்று பழைய கணக்கு ஒன்று உண்டு. தமிழ்ச் சொற்கள் நீளம். பேனலுக்கு 20–22, பக்கத்துக்கு 125ஐத் தாண்டாதீர்கள். மேலே விசிறி கீழே கால் என்று எழுத்துகள் நீளுவதால் வரி இடைவெளி 130 சதவீதமாவது வேண்டும். அதற்குக் குறைந்தால் மேல் வரியின் 'மூ'வும் கீழ் வரியின் 'கீ'யும் முட்டிக்கொள்ளும். பலூனுக்குள் சொல்லை உடைக்காதீர்கள். "கண்டுபிடிக்கப்பட்டிருக்க வேண்டும்" மாதிரி வாக்கியம் பலூனில் அடங்காது. களத்தில் நிற்கிறவர் அப்படிப் பேசவும் மாட்டார். "கண்டுபிடிச்சிருக்கணும்" போதும். தமிழ் எழுத்துருக்கள் பலவற்றில் சாய்வெழுத்து கிடையாது. மென்பொருள் தானாகச் சாய்ப்பது அசிங்கமாக இருக்கும், அழுத்தத்துக்குத் தடித்த எழுத்தையே வையுங்கள்.

யூனிகோடில் தட்டி ஒட்டும்போது 'கெ', 'கொ'வின் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் உட்கார்ந்தால், மென்பொருளில் தெற்காசிய மொழிகளுக்கான பத்தி அமைப்பு அணைந்திருக்கிறது என்று அர்த்தம். விருப்பத் தேர்வுகளில் அதை மாற்றிவிட்டு, ஏற்கெனவே தட்டிய பலூன்களிலும் தனித்தனியாக அந்த அமைப்பைப் போடவேண்டும். அச்சுக்குப் போகுமுன் எழுத்தை அவுட்லைனாக, அதாவது வெறும் வடிவமாக மாற்றுங்கள். மாற்றாத பிரதியையும் பத்திரமாக வையுங்கள், பிழைதிருத்தம் கடைசி நாளில்தான் வரும்.

பேனலில் முதலில் பேசுபவர் இடதுபுறம் நிற்கவேண்டும். இதை ஸ்கிரிப்டிலேயே எழுதுங்கள். ஓவியர் ஆளை மாற்றி நிறுத்திவிட்டால் பலூன் வால்கள் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு போகும். நாலு பேரும் ஒரே பேனலில் பேசுவதைத் தவிருங்கள். இரண்டு பேர், அவசியமென்றால் மூன்று.

---

சுருள்திரை

இதே கதையை ஃபோனில் மேலிருந்து கீழாக உருட்டிப் படிக்கும் வடிவத்திலும் வெளியிடுவதாக இருந்தால், இந்த இரட்டைப்படைக் கணக்கு எதுவும் செல்லாது. அங்கே புரட்டலுக்குப் பதில் வெற்றிடம்தான்.

800 பிக்சல் அகலத்தில் வேலை செய்தால், 9:16 திரையில் ஒரு திரை உயரம் சுமார் 1420 பிக்சல், 9:20 திரையில் சுமார் 1780. ஜந்துவுக்கு முன்னால் குறைந்தது 1800 பிக்சல் வெறும் கறுப்பு விடுங்கள். குறைத்தால் முந்தைய பேனலின் அடியிலேயே அதன் தலை எட்டிப் பார்த்துவிடும். அச்சுப் பக்கத்தைப் பேனல் பேனலாக வெட்டி அடுக்கினால் போதும் என்று நினைக்காதீர்கள். அகலப் பேனல் ஃபோனில் தீக்குச்சிப் பெட்டி அளவுக்குச் சுருங்கும். ஆறுகட்டம் சொன்ன அந்த முழு வரைபடப் பேனலை இங்கே நெடுக்காக, மேலிருந்து தொட்டியின் அடி வரை இறங்குவதாகத் திரும்ப வரைய வேண்டியிருக்கும். நியாயமாகப் பார்த்தால் தொட்டிக்குள் இறங்கும் காட்சிக்கு அச்சைவிட இந்த வடிவம்தான் பொருத்தம்.

---

மைப்புட்டி

அச்சுக் கறுப்பைப் பற்றிக் கேட்காமலே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பணம் போவது இங்கேதான்.

பெரிய கறுப்புப் பரப்புக்கு வெறும் 100 சதவீதக் கறுப்பு மை மட்டும் போட்டால், அச்சில் வெளுத்த கரி நிறம்தான் வரும். சியான் 60, மெஜெந்தா 40, மஞ்சள் 40, கறுப்பு 100 என்பது பழக்கமான கலவை. மொத்தம் 240. மட்டமான காகிதத்தில் அதற்கு மேல் போகாதீர்கள். மை உலராது, எதிர்ப் பக்கத்தில் ஒட்டும். வழுவழுப்பான காகிதம் 300 வரை தாங்கும். அச்சகத்தின் உச்சவரம்பைக் கேட்டுக்கொண்டு தொடங்குங்கள்.

வசனத்துக்கு இந்தக் கலவை கூடவே கூடாது. எழுத்து 100 சதவீதக் கறுப்பு மட்டும், ஓவர்பிரிண்டில் (அடியில் உள்ள நிறத்தின் மேலேயே அச்சாகும்படி). நாலு நிறத்தின் அச்சுத் தகடும் மயிரிழை விலகினாலே எழுத்தின் ஓரத்தில் சிவப்பும் நீலமும் பிதுங்கும். கறுப்புப் பரப்பில் வெள்ளை எழுத்து இன்னும் ஆபத்து, அந்தச் சின்னச் சுழிகள் அடைத்துக்கொள்ளும். எழுத்தைச் சற்றுத் தடிமனாக்கி, எழுத்தைச் சுற்றி அரை பாயிண்ட் தூரத்துக்கு மற்ற மூன்று நிறத்தையும் பின்வாங்கச் செய்யுங்கள்.

லைன் ஆர்ட் (மைக்கோட்டு ஓவியம்) ஸ்கேன் 600 டிபிஐக்குக் குறையக்கூடாது, சுத்தக் கறுப்பு வெள்ளை பிட்மேப் என்றால் 1200. வண்ணத்துக்கு 300–400. ப்ளீட் (வெட்டும் விளிம்பைத் தாண்டி நீளும் படம்) சுற்றிலும் 3 மி.மீ. ஃப்ளாட் (அடிப்படை நிறப் பரப்பு) போடும்போது, ஓரத்தை மழுப்பும் ஆன்ட்டி-அலியாஸை அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் பிறகு நிறத்தை மாற்றும் ஒவ்வொரு முறையும் ஓரத்தில் பழைய நிறத்தின் விளிம்பு மிஞ்சும்.

நிறத்தில் கஞ்சனாக இருங்கள். தொட்டிக்குள் பச்சை கலந்த சாம்பல் மட்டும். தெர்மல் திரை வரும் பேனலில் மட்டும் ஆரஞ்சும் ஊதாவும். வேறு எங்கேயும் ஆரஞ்சைத் தொடக்கூடாது, குழுவின் உடையில்கூட. வண்ணக் கலைஞர் டேவ் ஸ்டீவர்ட் ஹெல்பாய்க்குப் போட்ட தட்டையான வண்ணங்களைப் பாருங்கள். சுற்றியுள்ளவை அடங்கிக் கிடப்பதால்தான் நாயகனின் அந்தச் சிவப்பு உடம்பு கத்துகிறது.

---

தடயம்

முடிவு என்னன்னு யாருமே கேக்கல. எப்படிச் சாகுது?

---

நிழல்வேட்டை

இப்போதைக்கு, தொட்டியின் மின்கம்பியைத் தண்ணீரில் போடுகிறார்கள்.

---

தடயம்

அது எந்த ஜந்துவுக்கும் பொருந்தும். இந்த ஜந்துவுக்கே உரிய விதியில இருந்து வரணும். அது குரலை நம்பி வேட்டையாடுது. அப்ப அதையும் குரலாலயே இழுக்கலாம். குழுகிட்ட காவலாளியோட பழைய வாக்கிடாக்கிப் பதிவு இருக்கு, 5ஆம் பக்கத்துக் கோப்புலயே அதைக் காட்டிடுங்க. அதைக் குளோரின் தங்கியிருக்கிற பள்ளத்துல ஒலிக்கவிட்டா, தன்கிட்ட இருக்கிற குரல் வெளியிலயும் கேக்குதுன்னு தேடிக்கிட்டு இறங்கும்.

மூச்சு விடுற ஜந்துவாங்கிறதை முன்னாடியே வாசகருக்குக் காட்டணும். தண்ணிக்கு மேல குமிழி வர்ற ஒரு பேனல் போதும், 9ஆம் பக்கத்துல. மூச்சே விடாதுன்னா குளோரின் அதை ஒண்ணும் பண்ணாது, முடிவு கவுந்துடும். குழுவுக்கு முகமூடி வேணும். எல்லா ஃபில்டரும் குளோரினுக்கு ஆகாது, அமில வாயுவுக்கான கேட்ரிட்ஜ் வேணும். அதுவும் செறிவு அதிகமா இருந்தாலோ ஆக்சிஜன் 19.5க்குக் கீழ இருந்தாலோ உதவாது. அப்ப சிலிண்டரோட வர்ற மூச்சுக் கருவிதான். நாலு பேருக்கு மூணு கருவி கொண்டு வந்திருந்தா, 18ஆம் பக்கத்துல உங்களுக்கு வசனமே தேவையில்ல.

விலையும் இருக்கணும். குரலைப் பறிகொடுத்தவர் பிழைச்சா குரல் திரும்பி வருமா? வராதுன்னு வெச்சுட்டா, குழுவுல ஒருத்தர் ரெண்டாம் இதழ்ல இருந்து எழுதிக் காட்டித்தான் பேசுவார். இதழுக்கு இதழ் எல்லாரும் புத்தம்புதுசா வந்து நின்னா, மூணாவது இதழ்ல யாருக்கும் பயமே வராது.

---

கூர்நகம்

எழுதிக் காட்டும் பலூன்கள் இடத்தைச் சாப்பிடும், அவருக்குக் குறைவான வசனம் கொடுங்கள். மற்றபடி கம்பியைவிட ஆயிரம் மடங்கு மேல். ஒரு திருத்தம்: பறிபோவது இளையவரின் குரல். 17இல் "நீ இங்க வா" கேட்பதற்கு முன்பே அது பறிபோயிருக்க வேண்டும், ஆனால் வாசகர் அதைப் பார்த்திருக்கக்கூடாது. 14–15இல் அவர் ஒரு பலூன்கூடப் பேசாமல் இருக்கட்டும். முதல் வாசிப்பில் யாரும் கவனிக்க மாட்டார்கள்.

---

நிழல்வேட்டை

திருத்திய பிரிப்பு:

1–3 காவலாளி; 2இல் கை
4–6 உள்ளே நுழைவது, வாயுச் சோதனை. 5இல் கோப்பும் வாக்கிடாக்கிப் பதிவும்
7–11 விசாரணை, 8இல் குரல், 9இல் குமிழி, 10இல் லூமினால்
12–13 தூரத்தில் முழு உருவம், இரட்டைப்பக்க ஸ்ப்ரெட். ஒரு டார்ச் தண்ணீரில்
14–15 இளையவர் மௌனம்
16 முகம்
17–20 மோதல், பள்ளம்
21 விலை
22 கொக்கி

மோதல் எட்டிலிருந்து நாலாகிவிட்டது. ஸ்ப்ரெட்டை 12–13இல் வைத்ததில் பைண்டிங் சிக்கல் வருமா?

---

ஆறுகட்டம்

மோதல் நாலு பக்கம் என்பது சரியாகத்தான் இருக்கிறது. 16இலிருந்து கணக்குப் போட்டால் ஐந்து.

ஸ்ப்ரெட்டுக்கு நல்ல இடம் பிடித்திருக்கிறீர்கள். அட்டை நீங்கலாக 24 பக்கம், நடுவில் பின் அடிக்கும் இதழ் என்றால் 12–13தான் நடுத்தாள். இரண்டு பக்கமும் ஒரே காகிதம், படம் விலகாது. மற்ற எந்த ஜோடியிலும் இடப்பக்கம் ஒரு தாளிலும் வலப்பக்கம் வேறொரு தாளிலும் அச்சாகி வந்து சேரும். ஓரிரு மில்லிமீட்டர் ஏறி இறங்கலாம், அங்கே முகத்தையோ சாய்ந்த கோட்டையோ நடுவில் வைக்கக்கூடாது. கதை 1ஆம் பக்கத்திலேயே தொடங்கினால்தான் இந்தக் கணக்கு. முன்னால் தலைப்புப் பக்கம் ஒன்றைச் செருகினால் எல்லாம் ஒன்று நகர்ந்து, 16இல் இருக்கும் முகம் வலதுபுறம் போய்விடும். தலைப்பையும் பெயர்களையும் அட்டையின் உட்பக்கத்தில் போட்டுவிடுங்கள், 23ஐயும் 24ஐயும் கடிதங்களுக்கும் அடுத்த இதழ் அறிவிப்புக்கும் விட்டுவிடலாம்.

ஜந்து ஸ்ப்ரெட்டின் இடப்பக்கத்தில் நிற்கட்டும், ஆட்கள் வலப்பக்கம். 17இலிருந்து மோதல் அதே திசையில் ஓடும், தனியாக வரைபடப் பேனல் போடும் வேலையும் மிச்சம்.